தலைகீழாகப் பார்த்த பெயர்

அத்தியாயம் 11

போன வாரம் ஹெஸ்டரைப் பாதிப் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டு நாம் வந்துவிட்டோம். பாவம், கால் வலித்திருக்கும்.

அவள் கையில், அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்கிற ஒரு ப்ரூஃப் தாள் இருக்கிறது. அதில் இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. அச்செழுத்து வரைகிற மேல்மாடிப் பட்டறையில் அவளுடைய அம்மா ஃபெனா காத்திருக்கிறாள். அந்தப் பெயரை இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஹெஸ்டரின் தம்பி யோரிட்டும் அவன் மனைவி நூரும் பிறக்கப் போகும் பையனுக்கு எவெர்ட் என்று பெயர் வைக்க முடிவு செய்திருக்கிறார்கள். எவெர்ட், இவர்களுடைய அப்பாவின் பெயர். யோரிட் சின்னப் பையனாக இருந்தபோது, பீங்கான் கிண்ணம் செய்கிற ஒருத்தியோடு தெற்கே மாஸ்ட்ரிக்ட்டுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அன்றிலிருந்து ஃபெனாவின் வாயில் அவர் வெறும் 'அந்த ஆள்'.

குழந்தை பிறந்து, அறிவிப்பு அட்டை தபாலில் வீடு வீடாகப் போகும் வரை பெயரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. இந்த ஹார்லெம் ஊரில் எந்த வீட்டிலும் அப்படித்தான். பெற்ற தாயே கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுவார்கள். ஆனால் அட்டையைத் தயாரிக்கிறவளுக்குத் தெரியாமல் எப்படி? அதனால் மூன்று வாரமாக ஹெஸ்டரும் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறாள். நூராவது இன்றைக்கு இறக்கி வைத்துவிடுவாள் போலிருக்கிறது.

காலையிலேயே யோரிட்டிடமிருந்து போன் வந்துவிட்டது. வலி எடுத்துவிட்டது, மருத்துவச்சி வீட்டுக்கு வந்தாயிற்று, அட்டை இன்றைக்கே அச்சுக்குப் போயாக வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னான். வெள்ளிக்கிழமை. அச்சகத்துக் கூப்மான் அம்மாள் ஐந்து மணிக்கு ஷட்டரை இறக்கினால் திங்கட்கிழமைதான் ஏற்றுவாள். குழந்தை பிறந்ததும் தேதியை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம், மற்றதெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றான். அம்மாவிடம் மட்டும் பெயரைக் காட்டிவிடாதே என்று கடைசியில் கெஞ்சவும் செய்தான்.

அங்கேதான் சிக்கல். இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஃபெனா கண்ணால் பார்த்து 'சரி' என்று சொல்லாமல் ஒரு எழுத்துகூட வாசலைத் தாண்டாது.

அதிலும் இந்த அட்டையில் இருப்பது 'புதுசு'. அம்மாவும் மகளும் நான்கு வருஷமாக உருவாக்கிக்கொண்டிருக்கும் எழுத்துருவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. புதுசு, புதுசு என்று கூப்பிட்டே பழகிவிட்டார்கள். ஃபெனா பென்சிலால் வரைவாள். ஹெஸ்டர் அதைக் கணினியில் ஏற்றி, மறுபடி அச்செடுத்துக் கொண்டுவந்து காட்டுவாள். அம்மா குறை சொல்வாள், மகள் திருத்துவாள். தடித்த கோடு மெலிந்து இறங்கி, அடியில் சின்னதாக ஒரு பாதம் வைத்து நிற்கும் பாருங்கள், அந்தப் பாதத்துக்காக மட்டும் ஒரு குளிர்காலம் முழுவதும் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. அப்படி வளர்ந்த எழுத்து முதல் முறையாக வெளியே போகப் போகிறது.

ஹெஸ்டர் மீதிப் படிகளை ஏறினாள்.

ஃபெனா சாய்வு மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் இடுப்பு. அதனால் நின்றபடியே வரைவாள், நடந்தபடியே திட்டுவாள். "நூர் எப்படி இருக்கா?" என்று முதலில் கேட்டாள். நன்றாக இருப்பதாக ஹெஸ்டர் சொன்னதும், "அட்டையக் கொண்டா" என்று கையை நீட்டினாள்.

ஹெஸ்டர் கொடுத்தது வேறு தாள். அதில் பெயர் இருக்கிற இடத்தில் 'பீட்டர்' என்று ஒப்புக்கு ஒரு பெயரைப் போட்டிருந்தாள். ஃபெனா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பீட்டரா பொறக்கப் போறான்?"

"இல்லம்மா. பேரச் சொல்லக் கூடாதே. இடைவெளி எப்படி இருக்குன்னு சும்மா பாரேன்."

"பீட்டரோட இடைவெளிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எந்த எழுத்து பக்கத்துல எந்த எழுத்து வருதோ அதத்தாண்டி பாக்கணும். இது உனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா?"

சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லைதான். ஹெஸ்டர் விழித்தாள். பெயர் ரகசியம், நான் காட்ட முடியாது, யோரிட் என்னைக் கொன்றுவிடுவான் என்றெல்லாம் சமாளித்துப் பார்த்தாள். ஃபெனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் என்ன படிக்கவா போறேன்? தலைகீழா வெச்சுட்டுப் போய் நில்லு. தூரத்துல இருந்து பாக்கறேன். தலைகீழா பாக்கறப்ப என் கண்ணுல கறுப்பும் வெள்ளையும்தான் விழும். பேரனோட பேர முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னு எனக்கென்ன ஆத்திரமா?"

வேலையில் அது அவளுடைய பழைய பழக்கம். எழுத்தைத் தலைகீழாக வைத்தால் வார்த்தை போய்விடும், வடிவம் மட்டும் நிற்கும். கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும், முதலில் தலைகீழாகப் பார்த்துவிட்டுத்தான் படிப்பாள். ஒரு முறை அடுத்த தெருவில் ஒருவர் இறந்துபோன அறிவிப்பு வந்தபோது, அட்டையின் இடது ஓரம் நெருக்கமாக இருக்கிறது என்று அரை மணி நேரம் குறைபட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் யார் செத்துப்போனது என்று பார்த்தாள்.

ஹெஸ்டர் உண்மையான தாளை எடுத்துத் தலைகீழாகச் சுவரில் குத்தினாள். ஃபெனா அறையின் மறுகோடிக்குப் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவள் நேர்மையாகத்தான் நடந்துகொண்டாள். படித்துவிடக் கூடாதே என்று தலையைக்கூடச் சாய்க்கவில்லை. அதைப் பார்க்க முடியாமல் ஹெஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு பென்சிலோடு கிட்டே வந்து, கடைசி இரண்டு எழுத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு கோடு கிழித்தாள்.

"இந்த r தனியா நிக்குது பாரு, யாரோ விட்டுட்டுப் போன மாதிரி. t-ய இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வா. மத்ததெல்லாம் சரி. அனுப்பிடு."

ஹெஸ்டர் தாளைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடிவந்தாள்.

சரி என்று சொல்லியாகிவிட்டது. சட்டப்படி எல்லாம் முடிந்தது. t-யை நகர்த்தினாள். இப்போது அந்தப் பெயர் திரையில் அழகாக நின்றது. நான்கு வருஷ உழைப்பில் எந்த வார்த்தையும் இவ்வளவு அழகாக அமைந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பொத்தானை அழுத்தினால் அச்சகத்துக்குப் போய்விடும், தேதியைப் பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம்.

அழுத்தவில்லை. காபி போட்டாள், குடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை வரை போனாள், தூறல் பிடித்ததும் திரும்பினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். எதிலும் இருப்புக் கொள்ளவில்லை.

அவள் கண்முன் ஒரே காட்சிதான் ஓடியது. திங்களோ செவ்வாயோ, அம்மா வாசலில் குனிந்து தபாலை எடுப்பாள். உறையைப் பிரிப்பாள். தன் கையால் வரைந்த எழுத்தில், தன் கையால் சரி பார்த்த அட்டையில், அந்தப் பெயரைப் படிப்பாள். அன்றைக்கு அதே அட்டை ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கையிலும் இருக்கும். மகளே தன்னைச் சுவரோரம் நிற்க வைத்து ஏமாற்றினாள் என்று அவளுக்குத் தோன்றாதா? தோன்றும். தோன்ற வேண்டியதும்தான்.

யோரிட்டுக்குப் போன் செய்தாள். அவன் குரலுக்குப் பின்னால் நூரின் முனகல் கேட்டது. அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று ஹெஸ்டர் சொன்னதும் அவன் பதறினான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது, பெற்றுக்கொண்டிருக்கிறவளிடம் போய்ப் பெயரை மாற்று என்றா சொல்வது என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

"உனக்கு ஏன்டா அந்தப் பேரு?" என்று ஹெஸ்டர் கேட்டாள். மூன்று வாரமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

அவன் நூரை விட்டு வேறு அறைக்குப் போய்ப் பேசினான்.

"உனக்கு அவர் கூட பத்தொன்பது வருஷம் இருந்துச்சுக்கா. எனக்கு அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம். அதையும் வீட்டுல யாரும் சொல்ல விட மாட்டேங்கறீங்க."

போனை வைத்துவிட்டு ஹெஸ்டர் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, திருத்திய தாளை அச்செடுத்து, மறுபடியும் மாடி ஏறினாள். இந்த முறை படிக்கட்டில் நிற்கவில்லை.

"அம்மா, இதப் படிச்சுப் பாரு" என்று நேராகப் பிடித்துக் கொடுத்தாள்.

"படிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்ல?"

"பரவால்ல. படி."

ஃபெனா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கழுத்திலிருந்து மட்டும் சிவப்பு மெல்ல மேலேறியது. வெகுநேரம் தாளை மேசைமேல் வைக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

"யாரோட யோசனை இது?"

"யோரிட்டோடது."

"அவன் மறந்திருப்பான்னு நெனச்சேன்." பிறகு மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

மூன்று வாரமாகத் தெரியும் என்று ஹெஸ்டர் ஒப்புக்கொண்டாள்.

"மூணு வாரமா என் எதுக்க உக்காந்து காபி குடிச்சிருக்க" என்றாள் ஃபெனா. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஹெஸ்டர் தரையைப் பார்த்தாள்.

கடைசியில் ஃபெனா தீர்ப்புச் சொன்னாள். குழந்தை அவர்களுடையது, என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், அதில் தலையிட மாட்டேன். ஆனால் எழுத்து என்னுடையது.

"அந்தப் பேர என் எழுத்துல போடாத. உலகத்துல வேற எழுத்தே இல்லையா? எதுலயாவது போட்டு அனுப்பு."

ஹெஸ்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த எழுத்தில் பாதி உழைப்பு தன்னுடையது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் இன்னொரு குளிர்காலம் பேச்சுவார்த்தை இருக்காது. மென்று விழுங்கினாள். கூப்மான் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே போய், வேறொரு எழுத்தில் பெயரைப் போட்டு அச்செடுத்து வந்தாள்.

ஃபெனா அதைப் பார்த்ததுமே முகம் சுளித்தாள். "பேங்க் வாசல்ல தொங்கற போர்டு மாதிரி இருக்கு. கொழந்தைக்கா இது?"

இரண்டாவது கொண்டுவந்தாள். அதில் முதல் எழுத்து தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்திருக்கிறதாம். மூன்றாவது இழவு அட்டைக்குத்தான் லாயக்காம். நான்காவது உண்மையிலேயே நல்ல எழுத்து, ஊர் உலகமே கொண்டாடுகிற எழுத்து. ஃபெனா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். தலைகீழாகவும் பார்த்தாள்.

"r-ம் t-யும் பாரு. சண்டை போட்டுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது" என்றாள்.

சொன்ன பிறகுதான், சொன்னது காதில் விழுந்தது போலிருந்தது. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பதுகூட நினைவில்லை. மேசைமேல் நான்கு எவெர்ட்கள் கிடந்தார்கள், ஒருவனும் பிடிக்கவில்லை.

"அந்த ஆளு என்ன சொல்வாரு தெரியுமா?" என்று ஃபெனா ஆரம்பித்தாள். ஹெஸ்டர் அசையாமல் நின்றாள். இந்த வீட்டில் அவரைப் பற்றி அம்மா தானாகப் பேசியதே இல்லை.

"இதே மேசைல உக்காந்துக்கிட்டு, 'ஃபெனா, நீ வரையற r எப்பவும் கீழ விழப் போற மாதிரியே நிக்குது'ம்பாரு. சிரிச்சுக்கிட்டேதான். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்வாரு. நானும் கூடச் சிரிப்பேன். அப்புறம் போயிட்டாரு. இந்த நாலு வருஷத்துல அந்த ஒரு எழுத்த எத்தன தடவ அழிச்சு வரைஞ்சேன்னு நீ பாத்த இல்ல? எதுக்கு வரைஞ்சேன்? புத்தகம் போடறவனுக்காகவா? அந்த ஆளுக்குக் காட்டத்தான்டி. என்னிக்காவது எங்கயாவது ஒரு புத்தகத்தத் தொறந்து, இது யாரு வரைஞ்சதுன்னு அசந்து போகணும்னுதான்."

அவள் அழுதாள். ஹெஸ்டர் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்தது அந்தத் தோள். மகளுக்கு அம்மாமேல் அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஃபெனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் எழுத்தில் இருந்த தாளை மறுபடி கையில் எடுத்தாள். நேராகவே பிடித்துப் பார்த்தாள்.

"விழல இல்ல?"

"விழலம்மா. நல்லா ஊன்றி நிக்குது."

"மத்ததுல போட்டா அசிங்கமா இருக்கும்" என்றாள் ஃபெனா, ஏதோ ஹெஸ்டர்தான் மற்றதில் போடச் சொல்லி அடம் பிடித்தது போல. "என் பேரன் கண்ட எழுத்துலயும் ஊருக்குள்ள போக வேண்டாம். இதையே அனுப்பு. t-ய இன்னும் ஒரு மயிரிழை கிட்ட கொண்டு வா."

ஹெஸ்டர் மடிக்கணினியை மேலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். மயிரிழை நகர்த்தினாள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, போதும் என்றாள், கொஞ்சம் அதிகம் என்றாள், பழையபடியே வை என்றாள். கூப்மான் அம்மாளுக்கு ஹெஸ்டர் போன் போட்டு, இன்னும் கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டாள். ஐந்துக்கு மேல் ஒரு நொடிகூட இல்லை என்று பதில் வந்தது. இனித் தேதி ஒன்றுதான் பாக்கி.

நாலரை மணிவாக்கில் யோரிட் அழைத்தான். சொல்ல ஆரம்பித்தவன் முதல் வார்த்தையிலேயே உடைந்துவிட்டான். பையன் பிறந்துவிட்டான். தலை நிறைய முடி. நூர் நன்றாக இருக்கிறாள், பசிக்கிறது என்று ரஸ்க்கும் வெண்ணெயும் கேட்கிறாள். ஹெஸ்டர் ஒவ்வொன்றையும் அம்மாவுக்குத் திருப்பிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே ஒரு கையால் தேதியைச் சேர்த்து, பொத்தானை அழுத்தினாள். அட்டை போய்விட்டது. நான்கு வருஷத்துக்குப் பிறகு புதுசு வாசலைத் தாண்டிவிட்டது.

பெயரைப் பார்த்துவிட்டு அம்மா என்ன சொன்னாள் என்று யோரிட் பயந்து பயந்து கேட்டான். அவளே சரி சொல்லி அனுப்பிவிட்டாள் என்றாள் ஹெஸ்டர். மறுமுனையில் அவன் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்ப நல்லதாப் போச்சு. அக்கா, நான் அப்பாவுக்கும் போன் பண்ணிட்டேன். மத்தியானம், வலி ஜாஸ்தியானப்ப. தோணுச்சு, பண்ணிட்டேன். அவர் உடனே ரயில் ஏறிட்டார். இன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுலதான் தங்கறார். அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடேன்."

அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஹெஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அறையின் மறுபக்கம் ஃபெனா ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள். "எவெர்ட்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக. சரியாக வரவில்லை போலிருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறை அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்றான்?" என்று திரும்பிக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. குட்டிக்குத் தலை நிறைய முடியாம்" என்றாள் ஹெஸ்டர்.

"அதான் சொல்லிட்டியே." ஃபெனா தன் மேல்கோட்டை எடுத்துத் தூசி தட்டி, நாளைக்காக நாற்காலியில் விரித்துப் போட்டாள். "காலைல மொத ஆளா நான்தான் போவேன். எனக்கு முன்னாடி வேற யாரும் அவனத் தூக்கக் கூடாதுன்னு உன் தம்பிகிட்ட சொல்லிடு."

ஹெஸ்டர் போனைக் காதில் வைத்தபடியே தலையாட்டினாள். அப்பா ஏறிய மாஸ்ட்ரிக்ட் ரயில் அந்நேரம் பாதி வழிக்கு மேல் வந்து, உட்ரெக்ட்டைத் தாண்டியிருக்கும்.